அமானோவா, செர்ரியா?

தொட்டிக் கண்ணாடியில் பாசி படர்கிறது என்று சொன்னால் வளர்ப்பு மீன் கடையில் இரண்டு இறால்களைக் காட்டுவார்கள். ஒன்று கண்ணாடி நிற அமானோ, மற்றது சிவப்புச் செர்ரி. இரண்டும் நன்னீரில் வாழ்ந்து பாசி மேய்பவை, ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் குடியிருப்பவர் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்குமுன் நம்மூர்த் தண்ணீரையும் அவை இனம்பெருக்கும் விதத்தையும் பார்த்துவிட வேண்டும்.

பாசி தின்பதில் அமானோவுக்குத்தான் முதலிடம். ஐந்து சென்டிமீட்டர் வரை வளரும் இந்த இறாலைப் பிரபலமாக்கியவர் நிகாதாவைச் சேர்ந்த தகாஷி அமானோ (1954–2015). 1980-களில் தம் செடித்தொட்டிகளில் நூல்பாசியைக் கட்டுப்படுத்த அவர் இதைப் பயன்படுத்தினார். முன்கால்களின் நுனியில் தூரிகை போன்ற மயிர்க்கற்றை இருக்கும். இடது, வலது என்று மாறி மாறி இலையைச் சுரண்டி வாய்க்குக் கொண்டுபோகும், நிறுத்தாமல். செர்ரிக்கும் அதே கருவிதான். ஆனால் உடல் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். மெல்லிய படலத்தைத் துடைக்குமே தவிர, நீண்ட நூல்பாசியை அதிகம் குறைக்காது. மீன் தீவனம் தாராளமாக விழும் தொட்டியில் அமானோவும் பாசியை மறந்துவிடும். விளக்கைப் பகலெல்லாம் எரியவிட்டுப் பாசியை வளர்த்துவிட்டு இறால்மேல் பழி போடுவது நியாயமில்லை.

பெரிய வேறுபாடு இனப்பெருக்கத்தில். செர்ரித் தாய் இருபது முப்பது முட்டைகளை வயிற்றடியில் சுமந்து, நீந்துகால்களால் விசிறிக்கொண்டே இருக்கும். மூன்று நான்கு வாரத்தில் தாயைப் போலவே உருவம் கொண்ட பொடிக் குஞ்சுகள் வெளிவரும். அமானோ ஆயிரத்துக்கு மேல் நுண்முட்டைகள் இடும். பொரியும் இளவுயிரிகளுக்கு உப்புநீர் வேண்டும். ஆறு அவற்றைக் கடலுக்குக் கொண்டுபோக, வளர்ந்தபின் ஆற்றுக்கு ஏறி வரும். நம் வீட்டு நன்னீர்த் தொட்டியில் அவை சில நாட்களில் மடிந்துவிடும். கேரளத்துக்கு இந்த வழக்கம் புதிதல்ல. வேம்பநாட்டுக் காயலின் ஆற்றுக்கொஞ்சு இறாலும் முட்டையோடு உவர்நீரை நோக்கித்தான் இறங்குகிறது. நன்னீர்த் தொட்டியில் குஞ்சுகள் பிழைக்காததால்தான் விற்பனைக்கு வரும் அமானோக்களில் பெரும்பகுதி இயற்கையில் பிடிக்கப்பட்டவை. இது எனக்கு உறுத்தலான விஷயம்.

இனி தண்ணீர். கழக்கூட்டத்துச் செம்பாறை மண்ணில் தோண்டிய கிணறுகளில் நீர் பெரும்பாலும் மென்மையானது, அமிலத்தன்மை உள்ளது. ஓடு உரித்துப் புது ஓடு கட்டும் இறாலுக்கு அதில் கால்சியம் போதாமல் போகும். இந்தக் குறை செர்ரியைக் கூடுதலாகப் பாதிக்கும்: ஓடு பாதியில் சிக்கி, கழுத்தில் வெள்ளை வளையம் தெரிந்து, சாகும். சுத்தம் செய்த கிளிஞ்சல் ஓடுகளைத் துணிப்பையில் கட்டி ஃபில்டரில் போட்டால் கால்சியமும் பி.எச். அளவும் மெல்ல உயரும். உரித்துப் போட்ட ஓட்டை எடுத்தெறியாதீர்கள், இறால் அதையும் தின்னும். அருவிக்கரை அணையிலிருந்து வரும் குழாய்நீர் என்றால் முதலில் குளோரினை நீக்க வேண்டும். ஏப்ரல் வெப்பத்தில் நீர் முப்பது டிகிரியைத் தாண்டினால் இரண்டுமே திணறும். சூடான நீரில் ஆக்ஸிஜன் குறைவு. நீர்ப்பரப்பில் காற்றுபடச் சிறு விசிறி வைக்கலாம். தாமிரம் கலந்த மீன் மருந்தும் கொசுமருந்துத் தெளிப்பும் இரண்டுக்கும் நஞ்சு.

என் தீர்ப்பு இது. இருபது முப்பது லிட்டர் தொட்டியில் முதல்முறை வளர்ப்பவர் கிளிஞ்சலோடு செர்ரி வாங்கட்டும். அறுபது லிட்டருக்கு மேல் செடித்தொட்டியும் நூல்பாசித் தொல்லையும் இருப்பவருக்கு மூன்று நான்கு அமானோ போதும். மூடி மட்டும் கட்டாயம். இல்லையேல் ஏறி வெளியே வந்துவிடும்.

வீடு மாற்றும்போது மிஞ்சிய இறாலை ஆக்குளத்திலோ வேளியிலோ கடினங்குளம் காயலிலோ விட்டுவிடாதீர்கள். ஜெர்மனியிலும் போலந்திலும் மின்நிலையங்களின் சூடான நீர் கலக்கும் ஓடைகளில் செர்ரி குடியேறிவிட்டது. இங்கே அதைத் தடுக்கக் குளிர்காலமே இல்லை. முதலப்பொழியில் கடலைத் தொடும் கடினங்குளம் அமானோவுக்கும் வழி திறந்துவிடலாம். வேண்டாதவற்றைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்கும் நண்பருக்குக் கொடுங்கள்.