பழைய பிக்கப் வாகனங்களில் ஸ்டீயரிங் ஆட்டமும் அதன் சீரமைப்பும்: திசையன்விளை வட்டாரம்

ஸ்டீயரிங் ஆட்டம் என்பது ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பத் தொடங்கிய பின்னும் முன்சக்கரங்கள் திரும்பாமல் நிற்கும் வெற்றுச் சுழற்சியின் அளவாகும். பட்டறைகளில் இது ‘ப்ளே’ என்றும் ‘லூஸ்’ என்றும் வழங்கப்படுகிறது. புதிய வண்டியிலும் இது சிறிதளவு இருக்கும். உதிரிப்பாகங்கள் தேயத் தேயப் பெருகி, வண்டியை நேர்ச்சாலையில் நிறுத்திவைக்கவே ஓட்டுநர் இடமும் வலமுமாக ஓயாமல் திருப்ப வேண்டிய நிலை வரும்போதுதான் அது பழுது எனப்படுகிறது.

இந்திய மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, தம் 98-ஆம் விதியில், ஸ்டீயரிங்கில் அளக்கப்படும் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்றும், இணைப்புகளிலுள்ள பந்து மூட்டுகள் ரப்பர் உறையால் காக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும், போல்ட்டுகளும் பின்களும் கழன்றுவிடாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. 40 செ.மீ. விட்டமுள்ள ஸ்டீயரிங்கின் விளிம்பில் 30 டிகிரி என்பது ஏறத்தாழ பத்தரை செ.மீ. நீளமாகும். அமெரிக்காவில் சரக்கு வாகனங்களுக்கான விதி, ஏறத்தாழ இதே அளவுள்ள, பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டிக்கு 2 அங்குலம், அதாவது 5 செ.மீ. அளவே அனுமதிக்கிறது. ஆகவே இந்திய விதியின் 30 டிகிரி, வண்டியைச் சாலையிலிருந்து விலக்குவதற்கான எல்லையே தவிர, பட்டறை அடைய வேண்டிய இலக்காகாது.

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கிழக்கில் கடலை ஒட்டி அமைந்த திசையன்விளை வட்டாரத்தில் இப்பழுது விரைந்து வருவதற்கு மண்ணும் காற்றும் காரணமாகின்றன. தேரி எனப்படும் செம்மணற் பரப்பின் மணல், இரும்பு ஆக்சைடு பூசிய குவார்ட்ஸ் துகள்களால் ஆனது. குவார்ட்ஸ் சாதாரண இரும்பைவிடக் கடினமானது என்பதால், ஆனி, ஆடிக் காற்றில் பறந்து வரும் நுண்மணல் கிழிந்த ரப்பர் உறைக்குள் புகுந்து கிரீஸோடு கலந்ததும், உராய்வைத் தடுக்க வைத்த கிரீஸே உப்புத்தாள்போல மூட்டை அராவத் தொடங்குகிறது. உவரி போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து மீன் ஏற்றும் வண்டிகளில் பெட்டிகளிலிருந்து வடியும் உப்புக் கலந்த ஐஸ் தண்ணீர் சேஸிஸ் வழியாக இறங்கித் துருவையும் சேர்க்கிறது. முருங்கைக்காய் மூட்டைகளை அளவுக்கு மீறி அடுக்கிக்கொண்டு தோட்டத்து மண்பாதையில் ஓடும் வண்டிகள் அடியும் வாங்குகின்றன.

இவ்வட்டாரத்தில் இன்றும் ஓடும் பழைய சுமை வண்டிகளில் 1986-இல் வெளிவந்த டாட்டா 407, 2005-இல் வந்து ‘குட்டி யானை’ என்ற பெயர்பெற்ற டாட்டா ஏஸ், மகிந்திரா ஜீப்பின் வழிவந்த பிக்கப்புகள் ஆகியவை குறிப்பிடத்தக்கன. முன்பக்கம் ஒரே துண்டாலான நீள ஆக்சிலும் பட்டை ஸ்பிரிங்கும் கொண்ட இத்தகைய வண்டிகளில் ஓட்டுநரின் கை அசைவு ஒரு சங்கிலியாகவே சக்கரத்தை அடைகிறது. ஸ்டீயரிங் தண்டு ஸ்டீயரிங் பாக்ஸைச் சுழற்றுகிறது. பாக்ஸிலிருந்து தொங்கும் டிராப் ஆர்ம் என்னும் கரம் முன்னும் பின்னும் ஆடி, டிராக் லிங்க் என்னும் கம்பியைத் தள்ளுகிறது. அது ஒரு பக்கத்துச் சக்கரத்தைத் திருப்ப, டை ராடு என்னும் குறுக்குக் கம்பி மறுபக்கத்துச் சக்கரத்தையும் உடன் இழுத்துச் செல்கிறது. இரு சக்கரங்களும் கிங் பின் எனப்படும் செங்குத்துத் தண்டுகளை அச்சாகக் கொண்டு திரும்புகின்றன.

இச்சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியின் தேய்மானமும் அடுத்ததோடு கூடுகிறது. டிராப் ஆர்மின் நீளம் 18 செ.மீ. என்றும், ஸ்டீயரிங் 20 டிகிரி சுழன்றால் அக்கரம் 1 டிகிரி திரும்பும் என்றும் கொண்டால், டிராக் லிங்க் மூட்டில் ஒரே ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தாலும் அது ஓட்டுநரின் கையில் 6 டிகிரிக்கு மேற்பட்ட ஆட்டமாகத் தெரியும். கண்ணுக்கு அற்பமாகத் தோன்றும் தேய்மானங்கள் நான்கைந்து சேர்ந்தாலே சட்டத்தின் எல்லையை எட்டிவிடுவது இதனால்தான்.

ஆட்டம் மிகுந்த வண்டி வந்தவுடன் ஸ்டீயரிங் பாக்ஸின் மேலுள்ள அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவை இறுக்கி அனுப்பிவிடுவது பல இடங்களில் காணப்படும் வழக்கமாகும். கைக்கு எட்டுவதும் செலவில்லாததுமான வேலை இதுவே என்பதால் இவ்வழக்கம் நிலைத்துவிட்டது. ஆயினும் இது வரிசையைத் தலைகீழாக்கிய முறை. சோதனை சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும், பாக்ஸ் கடைசியாகவே வர வேண்டும்.

முதற்சோதனைக்கு வண்டி சமதரையில், சக்கரங்கள் நேராக நோக்க, டயர்கள் தரையில் பதிந்தபடியே நிற்க வேண்டும். ஜாக்கி வைத்துத் தூக்கினால் மூட்டுகளின் மேலுள்ள எதிர்ப்பு நீங்கி ஆட்டம் மறைந்துவிடக்கூடும். ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சிறிதளவே அசைக்க (பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியானால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க), மற்றவர் வண்டியின் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டின்மீதும் விரலை வைத்துப் பார்க்கிறார். மூட்டின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நிற்குமானால் தேய்மானம் அங்கேதான் உள்ளது. பாக்ஸே சேஸிஸோடு ஒட்டாமல் அசைந்தால், போல்ட் தளர்ந்திருக்க வேண்டும் அல்லது சேஸிஸில் விரிசல் விழுந்திருக்க வேண்டும். உப்புக்காற்றில் அரித்த வண்டிகளில் இரண்டாவதைத் தேடிப் பார்க்காமல் விடலாகாது.

அடுத்து முன் ஆக்சிலைத் தூக்கித் தாங்கி வைத்து, டயரின் மேலும் கீழும் பிடித்து அசைக்க வேண்டும். இதில் தெரியும் ஆட்டம் சக்கர பேரிங்கிலிருந்தும் வரலாம், கிங் பின்னிலிருந்தும் வரலாம். மற்றொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் அசைத்தால், ஆட்டம் மறைந்தபோது குற்றம் பேரிங்கினுடையது என்றும், மறையாதபோது கிங் பின்னினுடையது என்றும் தெளிவாகும். பேரிங்கைப் பல வேளைகளில் சரியாக இறுக்கினாலே போதும். கிங் பின் அவ்வாறன்று; பின்னையும் அதைச் சுற்றிச் சுழலும் புஷ்களையும் சேர்த்தே மாற்றி, மேல்புஷ்ஷும் கீழ்ப்புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் அமையும்படி ரீமர் ஓட்ட வேண்டும்.

டை ராடின் முனைகளிலுள்ள பந்து மூட்டுகளான டை ராடு எண்டுகள் தேய்ந்தால் அவற்றைப் பழுதுபார்க்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். பந்தைச் சுற்றியுள்ள உலோகத்தை அடித்து நெருக்கி மறுபடியும் பூட்டும் முறை உயிருக்கு ஆபத்தானது. அம்மூட்டு ஓட்டத்தில் கழன்றால் அச்சக்கரம் ஓட்டுநரின் கட்டுப்பாட்டிலிருந்தே விலகிவிடும். மாற்றுவதற்கான ஸ்டீயரிங் பாகங்களைச் சென்னையைச் சார்ந்த ராணே மெட்ராஸ் போன்ற நிறுவனங்கள் தமிழ்நாட்டிலேயே தயாரிக்கின்றன. சக்கரத்தோடு டை ராடை இணைக்கும் ஸ்டீயரிங் கரம் வளைந்துபோனால், அதை கேஸ் வைத்துச் சூடாக்கி நிமிர்த்துவதும் தவறாகும். அதனால் உலோகத்தின் வலிமை கெடுவதோடு, வளைவில் உட்பக்கச் சக்கரம் வெளிப்பக்கச் சக்கரத்தைவிடக் கூடுதலாகத் திரும்ப வேண்டும் என்னும் அமைப்பும் குலைகிறது. ஜெர்மானியரான லாங்கென்ஸ்பெர்கர் குதிரை வண்டிக்கென வகுத்து, 1818-இல் லண்டனில் தம் முகவரான ஆக்கர்மன் பெயரில் காப்புரிமை பெற்ற அதே தத்துவம்தான் இன்றைய வண்டிகளிலும் உள்ளது.

மகிந்திரா நிறுவனம் இந்தியாவில் ஒன்றிணைத்து விற்ற வில்லிஸ் ஜீப்பின் மரபில் வந்த பழைய வண்டிகளில், டிராக் லிங்க் நேரே சக்கரத்துக்குச் செல்லாமல் பெல் கிராங்க் என்னும் நடுக்கரத்தைத் திருப்ப, அதிலிருந்து இரண்டு கம்பிகள் இரு சக்கரங்களுக்கும் பிரிந்து செல்கின்றன. மூட்டுகள் மிகுதியாதலால் ஆட்டமும் மிகுதி. பெல் கிராங்கின் தண்டையும் பேரிங்குகளையும் மாற்றியவுடனே இவ்வண்டிகள் பல திருந்திவிடுகின்றன.

இவையெல்லாம் முடிந்த பின்னும் ஆட்டம் எஞ்சினால் ஸ்டீயரிங் பாக்ஸைக் கவனிக்கலாம். பெரும்பாலான சுமை வண்டிகளில் உள்ள பாக்ஸில், திருகுத் தண்டின்மேல் ஒரு நட்டு சிறு எஃகுக் குண்டுகளின்மீது உருண்டு நகர்ந்து, டிராப் ஆர்மைத் தாங்கும் செக்டார் என்னும் பல்துண்டைச் சுழற்றுகிறது. நேராக ஓடும் நிலையில் பற்கள் நெருக்கமாகவும், திருப்பத்தின் கோடிகளில் சற்றுத் தளர்வாகவும் பொருந்துமாறே இவை வெட்டப்பட்டிருக்கின்றன. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் நடுப்பகுதிதான் முதலில் தேய்கிறது. அத்தேய்வை மறைக்க ஸ்க்ரூவை மிகுதியாக இறுக்கினால், தேயாத பக்கப்பகுதிகள் நெருங்கிப் பிடித்துக்கொண்டு, வளைவு முடிந்த பின் ஸ்டீயரிங் தானே திரும்பி வராமல் நின்றுவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் வளைவு ஒன்றில் இவ்வாறு நேர்வது, பழைய ஆட்டத்தைவிடப் பெரிய கேடாகும்.

முறையாகச் செய்வதற்கு முதலில் டிராக் லிங்க்கைக் கழற்றிவிட வேண்டும். திருகுத் தண்டின் பேரிங்குகளில் மேலும் கீழுமான ஆட்டம் இருந்தால், அதை ஷிம் தகடுகளைக் குறைத்தோ முனை நட்டை இறுக்கியோ முன்னதாகச் சரிசெய்ய வேண்டும். பின்னர் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுற்றி, சுற்றுகளை எண்ணி, சரிபாதியில் நிறுத்தி, லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைச் சிறிது சிறிதாக உள்ளே செலுத்த வேண்டும். நடுவைக் கடக்கும்போது மட்டும் கையில் மெல்லிய இறுக்கம் உணரப்பட்டால் அளவு சரி. பக்கங்களிலும் இறுக்கம் தெரிந்தால் பாக்ஸின் உட்பாகங்களையோ பாக்ஸையோ மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆட்டமே இல்லாமலும் வண்டி சாலையில் அலையக்கூடும். பாரம் தாங்குவதற்காகப் பின்புறம் கூடுதல் பட்டைகளைச் சேர்க்கும்போது வண்டியின் முகம் தாழ்ந்து, கேஸ்டர் எனப்படும் கிங் பின்னின் பின்சாய்வு குறைகிறது. சக்கரத்தைத் தானே நேர்ப்படுத்துவது அச்சாய்வே ஆகும். முன்புறப் பட்டைகளைக் கூட்டினால் டிராக் லிங்கின் கோணம் மாறி, ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பட்டை ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ஷாக்கிள் புஷ்கள் தேய்ந்தாலும் யு போல்ட்டுகள் தளர்ந்தாலும் வண்டி இதே குணத்தைக் காட்டும். வீல் அலைன்மெண்ட் இவற்றில் எதையும் தீர்க்காது. மூட்டுகள் மாற்றப்பட்ட பிறகு இறுதியாகச் செய்ய வேண்டிய வேலை அது.

மீன் இறக்கிய வண்டியின் அடிப்பாகத்தை அன்றே நல்ல தண்ணீரால் கழுவுவதும், காற்றுக்காலத்துக்கு முன்னும் பின்னும் ரப்பர் உறைகளைப் பார்த்து, நிப்பிள் உள்ள மூட்டுகளில் பழைய கிரீஸ் வெளியேறும்வரை புதிய கிரீஸ் ஏற்றுவதும் தேய்மானத்தை வெகுவாகத் தள்ளிப்போடும். கிங் பின்னுக்குக் கிரீஸ் ஏற்றும்போது ஆக்சிலைத் தூக்கிவைத்தால்தான் பாரம் தாங்கும் பரப்புக்குள் அது நுழையும். வேலை முடிந்து ஒவ்வொரு நட்டையும் பூட்டும்போது புதிய ஸ்பிலிட் பின்னையே போட வேண்டும். கழற்றிய பழைய பின்னை நிமிர்த்தி மீண்டும் போடுவது எந்த வண்டியிலும் ஏற்கத்தக்கதன்று.