சோலைமந்தி காணும் காட்டுநடை

சோலைமந்தி காணும் காட்டுநடை என்பது, மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளுக்குள் வனத்துறை அனுமதியோடும் வழிகாட்டியோடும் நடந்துபோய், சிங்கவால் குரங்கு எனவும் வழங்கும் சோலைமந்தியை அதன் இருப்பிடத்திலேயே பார்த்து வருவது. உகாண்டாவிலும் ருவாண்டாவிலும் கொரில்லாவைத் தேடிக் காட்டில் நடக்கிறார்களே, அதற்கு ஈடாகத் தமிழ்நாட்டில் சொல்லக்கூடியது இதுதான். இந்தியக் காடுகளில் கொரில்லா கிடையாது. வாலில்லாக் குரங்குகளில் வடகிழக்கு மாநிலங்களின் ஹூலக் கிப்பன் மட்டுமே இங்கே காட்டில் வாழ்கிறது.

கண்டமங்கலம், விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து மக்களுக்குக் குரங்கு என்றால் நாட்டுக்குரங்குதான். செஞ்சிக் கோட்டைக்குப் போனவர்களுக்குத் தெரியும், கையில் தின்பண்டப் பொட்டலம் இருந்தால் அதை வீடுவரை கொண்டுவருவது கடினம். மனிதர் கொடுப்பதைத் தின்று தலைமுறை தலைமுறையாகப் பழகிய இனம் அது. சோலைமந்தியின் கதை வேறு. அது மரஉச்சியில் பிறந்து அங்கேயே வாழ்ந்து முடிக்கும் பிராணி. நாட்டுக்குரங்கோடு பழகிய பழக்கத்தை, சோலைமந்தி வாழும் வால்பாறை மலைக்கும் எடுத்துச் செல்வதுதான் நம் பயணிகள் செய்யும் பெரிய தீங்கு.

சோலைமந்திக்கு உடல் முழுதும் பளபளக்கும் கருப்பு. முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி. வால் நுனியில் சிறு குஞ்சம். வளர்ந்த ஆண் ஏறத்தாழ 10 கிலோ வரை இருக்கும். அதே காட்டில் கருமந்தியும் உண்டு. அதுவும் கருப்பு என்பதால் புதியவர்கள் குழம்புவார்கள். கருமந்திக்குப் பிடரி இல்லை, தலை பழுப்பு, வாலும் மிக நீளம். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநில மலைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் சோலைமந்தி இயற்கையாக வாழவில்லை. காட்டில் எஞ்சியிருப்பவை சில ஆயிரம் மட்டுமே. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இதற்கு இடம் தரப்பட்டிருக்கிறது.

1970களில் ஸ்டீவன் கிரீன், கேரன் மின்கோவ்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் இருவரும் களக்காட்டு மலையில் இந்த இனத்தை ஆராய்ந்தார்கள். 1976இல் களக்காடு சரணாலயம் அமைந்ததற்குச் சோலைமந்தியே முதற்காரணம். பிறகு 1988இல் அது முண்டந்துறையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக் கூடாது என்று நடந்த போராட்டத்துக்கும் இந்தக் குரங்குதான் அடையாளம். 1984இல் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

விழுப்புரம் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஆனைமலை வசதியான இடம். பொள்ளாச்சி போய், ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. மாநில அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 தடங்களில் மானாம்பள்ளியும், டாப்ஸ்லிப் பண்டாரவரையும் ஆனைமலையைச் சேர்ந்தவை. பதிவு இணையத்தில். குரங்கணிக் காட்டுத்தீயில் 2018இல் மலையேறியவர்கள் பலர் உயிரிழந்தபின் அனுமதியில்லாமல் மலையேறுவது கடுமையாகத் தடுக்கப்படுகிறது, தடுக்கத்தான் வேண்டும். கோடையில் காட்டுத்தீ அபாயம் கூடும் வாரங்களில் தடங்களை மூடிவிடுவார்கள்.

காட்டுக்குள் கண்ணைவிடக் காதுதான் முதலில் உதவும். கிளை சடசடவென்று அசையும். அதற்கு முன்பே பழத்தோல் கீழே விழும் ஓசை கேட்கும். முள் நிறைந்த வெடிப்பலாக் காயைப் பிய்த்து விதையைத் தின்பது சோலைமந்திக்கு மிகவும் பிடிக்கும். அந்த மரத்தடியில் புதிதாகச் சிதறிய தோல் கிடந்தால் கூட்டம் அருகில் இருக்கிறது என்று வழிகாட்டி நின்றுவிடுவார். நாமும் அசையாமல் நிற்க வேண்டும். சற்று நேரத்தில் கன்னப்பைகள் இரண்டும் புடைத்த ஒரு தாய், வயிற்றைப் பற்றிக்கொண்ட குட்டியோடு கிளைவிட்டுக் கிளை தாவும். பட்டுப்போன கிளையின் பட்டையை உரித்துப் பூச்சி தேடுவதையும் பார்க்கலாம். வழிகாட்டிகளில் பலர் இந்த மலையின் பழங்குடியினர். தடம் அறிவதில் அவர்களுக்கு இணையானவர்களை வெளியிலிருந்து கொண்டுவர முடியாது. மழைக்காலமென்றால் அட்டை காலில் ஏறும். பேண்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொள்வது நல்லது.

வால்பாறை ஊருக்குப் பக்கத்திலுள்ள புதுத்தோட்டத்தில் நடக்கவே வேண்டாம். தேயிலையும் காப்பியும் சூழ்ந்த துண்டுக்காட்டில் சிக்கிய கூட்டங்கள் நெடுஞ்சாலை ஓரத்திலேயே கண்ணில் படும். எளிதாகப் பார்க்க முடிகிறதே என்று மகிழ எனக்கு மனம் வரவில்லை. காடு துண்டானதால்தான் அவை தரையிறங்குகின்றன. சாலையில் வண்டி மோதிச் செத்திருக்கின்றன. மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வனத்துறையோடு சேர்ந்து சாலைக்கு மேலே மரங்களை இணைத்துத் தொங்குபாலங்கள் கட்டியது. வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்லக் காவலர்களையும் நிறுத்தியது. சிதைந்த துண்டுக்காடுகளில் உள்நாட்டு மரக்கன்றுகளை நட்டு மீட்டும் வருகிறது. இவ்வளவுக்குப் பிறகும் காரை நிறுத்திச் சிப்ஸ் வீசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கொரில்லா நாடுகளிடம் நாம் கற்க வேண்டியது இங்கேதான். உகாண்டாவின் பிவிண்டி காட்டில் ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க ஒரு நாளில் எட்டுப் பேருக்குத்தான் அனுமதி, அதுவும் ஒரு மணி நேரம். ருவாண்டாவில் வெளிநாட்டுப் பயணி ஒருவருக்குக் கட்டணம் 1,500 டாலர். பல மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும், சளி இருப்பவருக்கு இடமில்லை. மனிதரின் சளிக்காய்ச்சல் கொரில்லாவைக் கொன்றுவிடக்கூடும். மனிதரைக் கண்டு ஓடாதபடி ஒரு குடும்பத்தைப் பழக்கவே ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பழக்கமே நோய்க்கு வாசல் என்பதால்தான் இத்தனை கெடுபிடி. கட்டணப் பணத்தில் காவலும் நடக்கிறது, சுற்றியுள்ள ஊர்களுக்கும் பங்கு போகிறது. 1980களில் சில நூறாகக் குறைந்திருந்த மலைக்கொரில்லா இன்று ஆயிரத்தைத் தாண்டியிருக்கிறது.

புதுத்தோட்டத்துச் சோலைமந்தியும் அப்படி மனிதருக்குப் பழகிவிட்ட பிராணிதான். ஆனால் அங்கே நேரக்கணக்கும் இல்லை, ஆள்கணக்கும் இல்லை. பார்க்க நிற்பவர் வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, தின்பண்டத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டம் சாலையைக் கடந்து முடியும்வரை வண்டியைக் கிளப்பக் கூடாது.