நம் முதல் நாவல்கள் மூன்று

சென்ற கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் சங்கத்து நூலக அலமாரியைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். நம் காலனியிலேயே பிறந்து வளர்ந்து, இப்பொழுது கல்லூரியில் பயிலும் பெண் ஒருத்தி வந்து, "மாமா, பழைய தமிழ் நாவல் ஒன்று படிக்க வேண்டும். எதிலிருந்து தொடங்கலாம்?" என்று வினவினாள். அவள் தமிழ் எழுத்துக் கற்றது இதே கூடத்தில் நடைபெறும் ஞாயிறு வகுப்பில்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலையைக் கடந்து ஓராண்டு கூட ஆகவில்லை. 'பொன்னியின் செல்வன்' என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாரந்தோறும் வெளிவந்த அந்நூலுக்கு என் சிபாரிசு வேண்டியதில்லை. கதையை அவள் திரைப்படமாகவே பார்த்திருந்தாள். ஆனால், அதற்கு அரை நூற்றாண்டிற்கும் முன்னரே தமிழில் நாவல் பிறந்த வரலாறு இருக்கிறதே, அதை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? அன்று அவளிடம் அரைகுறையாகச் சொன்னதை இம்மலரில் சற்று விரித்து எழுதுகிறேன்.

தமிழுக்குச் செய்யுள் வளம் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது. ஆனால் கதையை வசனத்தில் எழுதி, அதை அச்சிட்டு, ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் தனியே அமர்ந்து படிப்பது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்த புதுமை. அதைத் தொடங்கி வைத்தவர் தமிழாசிரியர் அல்லர், ஒரு நீதிபதி. 1826-ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளிக்கு அருகே குளத்தூரில் பிறந்து, மாயூரத்தில் முன்சீபாக விளங்கிய வேதநாயகம் பிள்ளையே அவர். கிறிஸ்தவராய்ப் பிறந்து எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாகக் கீர்த்தனைகள் பாடியவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் உற்ற நண்பர். ஆங்கிலத்தில் இருந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி நூலாக வெளியிட்டவர். 1879-இல் அவர் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல் எனப் போற்றப்படுகிறது. தமிழில் வசன நூல்கள் இல்லாத குறையைப் போக்கவே இதை எழுதியதாக அவரே முகவுரையில் கூறுகிறார்.

இந்நூலின் உண்மையான தலைவி ஞானாம்பாள். கணவன் பிரதாபன் அயலூரில் சிறைப்பட்டிருக்க, அவள் ஆண் வேடம் பூண்டு தேடி வருகிறாள், அவ்வூர் யானை அவளுக்கே மாலை சூட்ட, அரசனாகிறாள், செங்கோல் செலுத்துகிறாள், கணவனையும் மீட்கிறாள். இது பழைய கதைப் பாணிதானே என்று நகைப்போர் உண்டு. நானும் ஒரு காலத்தில் நகைத்தவனே. ஆனால் பெண்கள் கல்வி கற்பதே அரிதாயிருந்த காலத்தில், ஆளத் தக்கவள் ஒரு பெண் என்று எழுத ஒரு முன்சீபுக்குத் துணிவு வந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ் நாட்டு நீதிமன்றங்களில், கட்சிக்காரனுக்குப் புரியாத ஆங்கிலத்தில் வழக்காடும் விந்தையையும் அவர் இந்நூலிலேயே கண்டிக்கிறார். கிளைக்கதைகள் மிகுதி, நடை நீளம். முழுதும் ஒரே மூச்சில் படிக்க இயலாது. இரவு உணவிற்குப் பின் ஓர் அத்தியாயம் என்று பெரியவர் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்டால், சிரிப்பிற்குப் பஞ்சம் இராது.

இடையில் 1885-இல் இலங்கையில் சித்தி லெப்பை எழுதிய 'அசன்பே சரித்திரம்' வெளிவந்தது என்பதையும் நம்மவர் மறக்கலாகாது.

இரண்டாவதாக நான் சொல்ல வந்த நூலே என் உள்ளத்திற்கு மிகவும் நெருங்கியது. வத்தலக்குண்டில் 1872-இல் பிறந்த பி. ஆர். ராஜமையர், இருபத்தொரு வயதில், 'விவேக சிந்தாமணி' என்னும் மாதப் பத்திரிகையில் ஒரு தொடர்கதை தொடங்கினார். 1893 முதல் 1895 வரை வெளிவந்த அக்கதையே 'கமலாம்பாள் சரித்திரம்'. மதுரைச் சீமையில் சிறுகுளம் என்னும் கிராமம். அங்கே முத்துஸ்வாமி அய்யர், அவர் மனைவி கமலாம்பாள். யானையும் மாலையும் இங்கே இல்லை. ஊர்ப் பெண்கள் கூடிப் பேசும் 'வம்பர் மகாசபை' உண்டு. அம்மையப்ப பிள்ளை என்னும் தமிழ் வாத்தியாரின் அசட்டுத்தனம் உண்டு. அபவாதம் ஒன்று நல்ல குடும்பத்தைப் பிரிக்கும் கொடுமை உண்டு. நம் பாட்டிமார் பேச்சு அப்படியே அச்சேறியிருக்கிறது. பிற்பகுதியில் கதை வேதாந்தத்தை நாடிச் செல்வது சிலருக்குச் சலிப்பூட்டலாம். எனக்கும் முற்பகுதியே பிடிக்கும். ஆயினும் அந்த இளைஞரின் மனம் எத்திசையில் சென்றுகொண்டிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

ஏனெனில் 1896-இல், சுவாமி விவேகானந்தரின் தூண்டுதலால் சென்னையில் 'பிரபுத்த பாரதம்' என்னும் ஆங்கில மாதப் பத்திரிகை தொடங்கியபோது, அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்றவர் ராஜமையரே. 1898 மே மாதத்தில், இருபத்தாறு வயதில், அவர் காலமானார். பத்திரிகை நின்றது. அவ்வாண்டே ஆகஸ்டில் அது இமயமலைச் சாரலில் அல்மோராவிலிருந்து மீண்டும் வெளிவரலாயிற்று; இன்றும் வருகிறது. வடக்கே வந்து வாழும் நமக்கு இச்செய்தி ஏதோ சொந்தக்காரர் செய்தி போலத் தோன்றுகிறது.

மூன்றாமவர் அ. மாதவையா. அவரும் 1872-இல் பிறந்தவர். ஊர் திருநெல்வேலிச் சீமைப் பெருங்குளம். அவரும் ராஜமையரைப் போலவே சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றவர். உப்பு இலாகா உத்தியோகத்தில் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே எழுதினார். 1898-இல் வெளிவந்த 'பத்மாவதி சரித்திரம்' கிராமத்துப் பையன்கள் படிப்பிற்காகப் பட்டணம் சேர்வதையும், படித்த கணவனையும் சந்தேகம் என்னும் நோய் பற்றுவதையும் சொல்கிறது. 1903-இல் எழுதிய 'முத்துமீனாக்ஷி'யில் ஒரு பால்ய விதவை தன் கதையைத் தானே சொல்கிறாள், மறுமணமும் செய்துகொள்கிறாள். அக்காலத்தில் அதை அச்சிடுவதே பெருந்துணிவு. மாதவையாவின் முடிவும் நெஞ்சை உருக்குவது. 1925 அக்டோபரில் சென்னைப் பல்கலைக்கழகச் செனட் சபையில், பட்டப் படிப்பில் தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டும் என்று பேசி அமர்ந்தவர் அங்கேயே உயிர் நீத்தார்.

இதே காலத்தை ஒட்டி வந்த வை. மு. கோதைநாயகி அம்மாளைப் பற்றி எழுத இங்கே இடம் போதாது. எழுதப் பழகாத நிலையில், தோழியிடம் வாயாற் சொல்லி எழுதுவித்துத் தொடங்கிய அவர், நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் படைத்தார் என்பது தனிக் கட்டுரைக்கு உரியது.

நம் அலமாரியில் இம்மூன்று ஆசிரியர்களின் நூல்களும் உள்ளன. வேதநாயகம் பிள்ளையின் பிரதியில் கடைசிச் சில பக்கங்களைக் காணோம்; கொண்டு சென்றவர் யாரோ, ஞானாம்பாள் கதை எப்படி முடிகிறது என்பதை அறிந்த ஒரே குடும்பம் அதுவே. மற்றவை நன்னிலையில் இருக்கின்றன. பத்தாண்டுகளாக அவற்றை எவரும் கேட்டு வந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதிவேட்டைப் புரட்டினால் தெரியும். சமையற் குறிப்பும் சோதிடமும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அவற்றின் மீது எனக்கு வருத்தமில்லை.

அன்று அப்பெண்ணுக்குக் 'கமலாம்பாள் சரித்திர'த்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் முதல் வாரம் பன்னிரண்டு பக்கம் படித்ததாகவும், 'அபவாதம்' என்ற சொல்லுக்குப் பாட்டியிடம் பொருள் கேட்டதாகவும் சொன்னாள். பாட்டி சொல்லத் தொடங்கி, புத்தகத்தையே வாங்கிக்கொண்டாராம். திரும்பப் பெற நான்கு நாள் ஆயிற்றாம். ஆறாம் வாரம் நூலைக் கொண்டுவந்து மேசைமீது வைத்து, "இவர் எழுதிய வேறு நாவல் எது மாமா?" என்று கேட்டாள். வேறு இல்லை அம்மா என்றேன். முன்பக்கத்தைத் திருப்பி, பிறந்த ஆண்டையும் மறைந்த ஆண்டையும் விரல்விட்டுக் கழித்துப் பார்த்தாள். பிறகு மாதவையாவை எடுத்துக்கொண்டு போனாள்.