வன்னி மலேரியாவும் மனித நிர்ப்பீடனமும்

வன்னிப் பெருநிலத்தில் மலேரியா தலைமுறை தலைமுறையாக வேரூன்றியிருந்த நோய். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் குளத்தடி ஊர்களில் பிறந்த பிள்ளைகள் இளவயதிலேயே அதன் ஒட்டுண்ணியைச் சந்தித்தார்கள். வவுனியாவிலிருந்து மன்னார் போகும் வீதியிலுள்ள பூவரசங்குளமும் அத்தகைய ஊர்களில் ஒன்று. உள்நாட்டில் நிலைத்திருந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. நுளம்பையும் மருந்தையும் பற்றிய வரலாறு பலமுறை எழுதப்பட்டுவிட்டது. அந்த நோயோடு வாழ்ந்த உடல் என்ன கற்றது, என்ன விலை கொடுத்துக் கற்றது, கற்றதை எப்படி மறந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். உடலின் இந்தக் கற்கையைத்தான் நிர்ப்பீடனம் என்கிறோம்.

தொடக்கம்

இலங்கையில் நோயைப் பரப்பிய முதன்மை நுளம்பு அனொபிலிஸ் கியூலிசிபேசிஸ். வற்றும் ஆற்றின் மணற்படுக்கையில் தேங்கும் தெளிந்த நீர்க்குட்டைகள் அதற்கு மிகவும் பிடித்த இடம். குளம் வான்பாய்ந்து ஓய்ந்தபின் கீழோடைகளில் நிற்கும் நீரிலும் முட்டையிடும். அருவியாறும் பறங்கியாறும் கனகராயன் ஆறும் ஆண்டில் பல மாதங்கள் குட்டைகளாகவே கிடப்பவை. மாரி மழை தொடங்கியபின் நோய் உச்சத்துக்கு ஏறும். காலபோக வயலில் வேலை மிகுந்திருக்கும் காலமும் அதுதான். காய்ச்சலில் கிடந்த விவசாயிக்கு அந்த ஆண்டின் வருமானமும் சேர்ந்தே போனது.

1895இல் வன்னி மாவட்டங்களுக்கான கைநூலை எழுதிய ஜே. பி. லூயிஸ், காய்ச்சலும் பரங்கிநோயும் ஊர்களை மெலியச் செய்ததைக் கண்டவர். அப்போது நோய் எப்படிப் பரவுகிறது என்பது தெரியாது. இரண்டு ஆண்டு கழித்து, 1897 ஓகஸ்டில், செகந்தராபாத்தில் ரொனால்ட் ரொஸ் நுளம்பின் வயிற்றுச் சுவரில் ஒட்டுண்ணியைக் கண்டார். நுண்ணோக்கி எட்டாத ஊர்களில் மருத்துவர்களுக்கு ஒரு பழைய வழி இருந்தது: பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, இடப்பக்க விலாவுக்குக் கீழே மண்ணீரல் கைக்குத் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பது. பழுதுபட்ட செங்குழியங்களை வடிகட்டும் உறுப்பு மண்ணீரல். மலேரியா திரும்பத் திரும்பத் தாக்கும்போது அது வீங்கும். எத்தனை பிள்ளைகளுக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்ற கணக்கு, அந்த ஊர் நோயோடு எவ்வளவு நெருங்கி வாழ்கிறது என்பதைச் சொல்லிவிடும். நிர்ப்பீடனத்தை மனிதர் அளக்கத் தொடங்கிய முதல் முறைகளில் ஒன்றாகவும் இதைக் கொள்ளலாம். ஆனால் அளந்தவர்கள் நோயைத்தான் அளப்பதாக நினைத்தார்கள்.

1934: யார் இறந்தார்கள்

1934இல் பருவமழை பொய்த்தது. வழமையாக வேகமாக ஓடும் மகா ஓயா, தெதுறு ஓயா, களனி கங்கை ஆகியவற்றின் படுக்கைகள் குட்டைகளாயின. நுளம்பு பெருகியது. ஆண்டின் இறுதியிலும் 1935 தொடக்கத்திலும் கேகாலை, குருணாகல் பகுதிகளில் கொள்ளை நோயாக மூண்ட மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. நிவாரணப் பணிக்குக் கிராமங்களுக்குப் போன என். எம். பெரேராவும் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் கண்ட வறுமை, 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியதற்கு ஒரு தூண்டுதலாயிற்று.

இந்தக் கொள்ளை நோயின் நில எல்லைதான் நிர்ப்பீடன வரலாற்றில் கவனிக்க வேண்டியது. ஆண்டுதோறும் மலேரியா அடித்துக்கொண்டிருந்த வறண்ட வலயம் அதன் நடுவே இல்லை. நோயை அரிதாகவே கண்டிருந்த ஈரவலய ஓரங்களில்தான் மரணம் குவிந்தது. அங்கே வளர்ந்தவர்களின் உடலிலும் மலேரியாவுக்கு எதிரான நினைவு போதிய அளவு இருக்கவில்லை. வறண்ட வலயத்தில் பிள்ளைப்பருவம் தாண்டி உயிர்தப்பியவர்களிடம் அது இருந்தது. அந்த ஆண்டு அவர்களுக்குக் காப்பு இருந்தது என்றால், அதற்குமுன் அவர்கள் இழந்த தம்பி தங்கைகளின் கணக்கையும் சேர்த்தே அந்தக் காப்பை மதிப்பிட வேண்டும். “ஊர்ச்சனத்துக்கு எதிர்ப்புச் சக்தி உண்டு” என்ற பேச்சு எத்தனையோ காலம் அலட்சியத்துக்குச் சாட்டாகப் பயன்பட்டது. இது அறிவியலாகவும் தவறு, நீதியாகவும் தவறு.

அரைகுறைக் காப்பு

அம்மை வந்து மீண்டவருக்கு அம்மை மீண்டும் வருவது அரிது. மலேரியா அப்படியல்ல. பல முறை வந்தபின் காய்ச்சலின் கடுமை குறையும், பின்னர் இரத்தத்தில் ஒட்டுண்ணியின் தொகை குறையும். ஒட்டுண்ணி முற்றாக விலகுவது எளிதில் நடப்பதில்லை. காம்பியாவில் 1961இல் சிட்னி கோஹனும் இயன் மக்கிரேகரும் குழுவினரும் செய்த பரிசோதனை இதன் ஒரு பகுதியை விளக்கியது. நோயோடு வளர்ந்த பெரியவர்களின் குருதியிலிருந்து பிரித்த, பிறபொருளெதிரிகள் அடங்கிய காமா குளோபுலினை, கடும் மலேரியாவோடு வந்த பிள்ளைகளுக்கு ஏற்றினார்கள். ஒட்டுண்ணித் தொகை சரிந்தது. காப்பின் பெரும் பங்கு பிறபொருளெதிரிகளில் இருக்கிறது என்பதற்கு நேரடியான சான்று அது.

அப்படியானால் உடல் ஏன் ஒரே தடவையில் கற்றுக்கொள்வதில்லை? பல்சிபாரம் வகை ஒட்டுண்ணி தான் குடியிருக்கும் செங்குழியத்தின் மேற்பரப்பில் ஒரு புரதத்தை நீட்டுகிறது. அந்தப் புரதத்துக்கான மரபணுக்கள் அதனிடம் ஏறத்தாழ 60 உள்ளன. ஒன்றுக்கு எதிராகப் பிறபொருளெதிரி உருவாகும் வேளையில் இன்னொன்றை அணிந்துகொள்கிறது. முகமூடிகள் நிறைந்த பெட்டியோடு வரும் திருடனைப் பிடிக்க ஒவ்வொரு முகமாக அடையாளம் பழக வேண்டியிருப்பது போன்றது இது. கர்ப்பிணிகளின் நிலை இன்னும் கொடியது. நச்சுக்கொடியில் ஒட்டிக்கொள்வதற்கென்றே ஒட்டுண்ணிக்குத் தனியொரு புரதவகை உண்டு. பெண் ஒருத்தி சிறுவயது முழுவதும் மலேரியாவோடு வாழ்ந்து காப்புப் பெற்றிருந்தாலும், முதற் கர்ப்பம் வரும்வரை அந்தப் புரதத்தை அவளுடைய உடல் கண்டிருக்காது. முதற் பிள்ளை எடை குறைந்து பிறப்பதும், தாய்க்கு இரத்தம் வற்றுவதும் இதனால் நேர்ந்தன. அடுத்தடுத்த கர்ப்பங்களில் ஆபத்துக் குறையும். இந்தப் பொறிமுறையை மிக்கல் ஃபிரைடும் பற்றிக் டஃபியும் 1996இல் வெளிக்கொணர்ந்தார்கள்.

வன்னியில் பெரும்பாலும் காணப்பட்ட விவாக்ஸ் வகை வேறொரு தந்திரம் செய்யும். அதன் ஒரு பகுதி ஈரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்து எழும். உறங்கும்போது நிர்ப்பீடனத் தொகுதிக்கு அது அகப்படாது. குருதியை மட்டும் சுத்தமாக்கும் மருந்து போதாமல், 14 நாள் பிறைமாகுயின் விழுங்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

மருந்தடிப்பும் மறதியும்

1946இல் இலங்கையில் ஏறத்தாழ 28 இலட்சம் மலேரியா நோயாளர் பதிவானார்கள். டி.டி.ரி. மருந்தடிப்புப் பரவியபின் 1963இல் அந்தத் தொகை 17. வீட்டுச் சுவர்களுக்கு மருந்தடிப்பது அதன்பின் நிறுத்தப்பட்டது. 1967–68இல் நோய் பேரலையாகத் திரும்பி, 1969இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. நுளம்பு திரும்பியது ஒரு காரணம். இடைப்பட்ட ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகள் நோயை அறியாமலே வளர்ந்ததும், பெரியவர்களின் காப்பு மங்கியதும் மறு காரணம். டி.டி.ரி.யை நுளம்பு எதிர்க்கத் தொடங்கியதால் 1977 முதல் மலத்தியன் பயன்பட்டது.

அதே 1977இன் இனக்கலவரத்துக்குப்பின் மலையகத் தமிழர் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் குடியேறினர். உயர்ந்த மலைத்தோட்டங்களில் மலேரியா இல்லை. நோயை எதிர்கொள்ள ஆயத்தமே இல்லாத உடலோடு காட்டோரக் குடிசைகளில் அமர்ந்த அவர்கள் பட்ட பாடு வன்னியின் மலேரியா வரலாற்றில் உரிய இடத்தைப் பெறவில்லை. 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து, அடுத்த ஆண்டில் வன்னிக்கு வந்த குடும்பங்களுக்கும் ஏறத்தாழ அதே கதைதான். 1999இல் நாடு முழுவதும் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளர் பதிவானபோது, பெரும் பங்கு வடக்கிலும் கிழக்கிலும் இருந்தது.

கொழும்பு ஆய்வுகள்

1980களில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கமினி மென்டிஸ் தலைமையில் இயங்கிய மலேரியா ஆய்வுப் பிரிவு, எடின்பரோவின் ரிச்சர்ட் கார்ட்டருடன் சேர்ந்து செய்த வேலை உலகத் தரமானது. நோயாளியின் குருதியை மென்சவ்வு வழியாக நுளம்புகளுக்கு ஊட்டிப் பார்த்தார்கள். செங்குழியங்கள் ஒன்றே; சேர்க்கும் குருதிநீர் மட்டும் ஒருமுறை நோயாளியுடையது, மறுமுறை மலேரியா வராதவருடையது. நோயாளியின் குருதிநீர் சேர்ந்தபோது பல வேளைகளில் நுளம்பின் வயிற்றில் ஒட்டுண்ணி வளரவில்லை. மனிதர் உருவாக்கிய பிறபொருளெதிரி, குருதியோடு நுளம்புக்குள் போய் அங்கே ஒட்டுண்ணியை முடக்கியது. இந்த ஆய்வு 1987இல் வெளியானது. அடுத்த ஆண்டின் ஆய்வுகள் இரண்டு சிக்கல்களைக் காட்டின. பிறபொருளெதிரியின் அளவு மிகக் குறைவாக இருந்தால் பரவலைத் தடுப்பதற்குப் பதிலாகக் கூட்டவும் செய்கிறது. அத்தோடு, சில மாத இடைவெளிக்குள் மீண்டும் தொற்றினால் மட்டுமே இந்தக் காப்பு வலுப்படுகிறது.

நதீரா கருணாவீரவும் குழுவினரும் 1992இல் வெளியிட்ட ஆய்வு காய்ச்சலையே கேள்விக்கு உட்படுத்தியது. நடுக்கமும் குளிரும் வியர்வையும் வரும் அந்தச் சில மணிநேரங்களில் அடுத்தடுத்துக் குருதி எடுத்தார்கள். வெண்குழியங்கள் சுரக்கும் கட்டி நசிவுக் காரணி எனும் புரதம், உடல்வெப்பம் ஏறுவதற்குச் சற்று முன்னரே ஏறியது, அதுபோலவே இறங்கியது. ஒரே நேரத்தில் வெடிக்கும் செங்குழியங்களுக்கு உடல் காட்டும் மறுமொழியே நாம் அறியும் மலேரியாக் காய்ச்சல். அந்த நேரக் குருதிநீர், நுளம்புக்குள் போகவேண்டிய ஒட்டுண்ணி வடிவங்களைச் செயலிழக்கச் செய்வதையும் அவர்கள் கண்டார்கள். நோயாளியை வருத்தும் சுரப்பே ஒட்டுண்ணியையும் அடிக்கிறது. நோயோடு வளர்ந்த ஊர்வாசி ஒருவர் குருதியில் ஒட்டுண்ணி இருந்தும் வயலுக்குப் போக முடிந்ததென்றால், அவருடைய உடல் அடிக்கப் பழகியதோடு அடக்கி வாசிக்கவும் பழகியிருக்கிறது. இந்த அடக்கத்தில் ஒழுங்குபடுத்தும் ரி-கலங்களின் பங்கு இன்று ஆராயப்படுகிறது. அவற்றைக் கண்டறிந்த ஆய்வுகளுக்காகவே சிமோன் சகாகுச்சி, மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கு 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

தடுப்பூசிகள்

மலேரியாவுக்கு எதிரான முதல் தடுப்பூசியான ஆர்.ரி.எஸ்.,எஸ் 2021 ஒக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையைப் பெற்றது. 2023 ஒக்டோபரில் ஆர்21 பரிந்துரைக்கப்பட்டது. இதைப் பெருமளவில் தயாரிப்பது புனேயிலுள்ள சீரம் நிறுவனம். இரண்டும் நுளம்பின் உமிழ்நீரோடு இறங்கும் ஒட்டுண்ணியை, ஈரலை அடையுமுன் மறிக்கப் பார்ப்பவை. இரண்டும் பல்சிபாரத்துக்கு மட்டுமே. ஒருமுறை ஊசி போட்டால் போதாது, நான்கு தேவை. உடல் இயற்கையாகப் பெறும் காப்பில் கண்ட அதே மறதி இங்கேயும் குறுக்கே நிற்கிறது. 2023இல் உலகில் 5,97,000 பேர் மலேரியாவால் இறந்தார்கள். பெரும்பாலானோர் ஆபிரிக்கச் சிறுபிள்ளைகள் என்பதால், அரைகுறையான தடுப்பூசியும் பெரிய வரவுதான். பிறபொருளெதிரியையே மருந்தாக ஊசியிடும் முறை மாலி நாட்டில் சோதிக்கப்பட்டு, ஒரு மழைப்பருவம் முழுவதும் நீடிக்கும் காப்பைத் தந்துள்ளது. கொழும்பில் ஆராயப்பட்ட பரவல் தடுப்பு நிர்ப்பீடனத்தைத் தடுப்பூசியாக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. விவாக்ஸ் வகைக்கு இன்னும் அனுமதி பெற்ற தடுப்பூசி இல்லை.

காப்பற்ற தலைமுறை

இலங்கை மலேரியாவைத் தடுப்பூசியால் ஒழிக்கவில்லை. போர்க்காலத்திலும் மலேரியாத் தடை இயக்க ஊழியர்கள் குருதிப்பூச்சு எடுத்தார்கள். மருந்தூட்டிய நுளம்பு வலைகள் வீடுவீடாகச் சென்றன. நடமாடும் மருத்துவக் கூடங்கள் எட்டாத ஊர்களை எட்டின. 2009இல் செட்டிகுளம் மெனிக் முகாமில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அடைபட்டிருந்தபோதும், அந்த ஆண்டின் நாடளாவிய நோயாளர் தொகை அறுநூறைத் தாண்டவில்லை. இந்தச் சாதனையில் வடக்கின் கடைநிலைச் சுகாதார ஊழியர்களுக்குரிய பங்கைப் பெயரிட்டுச் சொல்லும் நூல் ஒன்று தமிழில் எழுதப்பட வேண்டும்.

இன்று பூவரசங்குளத்துப் பள்ளிப் பிள்ளையின் உடலுக்கு மலேரியா தெரியாது. இது நல்ல செய்தி. இதில் ஐயமே இல்லை. ஆனால் 1967இல் நாடு நின்ற இடமும் ஏறத்தாழ இதுதான். 2016 டிசெம்பரில் மன்னார்த் தீவில் அனொபிலிஸ் ஸ்டெபன்சி எனும் புதிய நுளம்பு காணப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இனம் இது. ஆற்றுக்குட்டையை நம்பியிராமல் கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பெருகும். பின்னர் யாழ்ப்பாணத்திலும் அது பதிவானது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் எஸ். என். சுரேந்திரனின் குழு அதன் குடம்பிகள் உவர்நீரிலும் வளர்வதை ஆராய்ந்துள்ளது. 2018 டிசெம்பரில் மொனராகலையில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து உள்ளூர்வாசி ஒருவருக்கு மலேரியா தொற்றியது. ஒழிப்புக்குப்பின் அத்தகைய முதல் நிகழ்வு அது. உடனடி நடவடிக்கையால் பரவல் அங்கேயே நின்றது.

நோய் உள்ள நாடுகளிலிருந்து திரும்புவோர் ஆண்டுதோறும் சில பத்து எண்ணிக்கையில் மலேரியாவோடு வருகிறார்கள். இந்தியா, ஆபிரிக்கா ஆகிய இடங்களிலிருந்து வந்து காய்ச்சலில் படுப்பவர் பயண விவரத்தை மருத்துவரிடம் சொல்வதும், மருத்துவர் டெங்கோடு மலேரியாவையும் நினைத்துக் குருதியைச் சோதிப்பதும் இப்போது அவசியமாகியுள்ளன. நோயைக் கண்டிராத இளம் மருத்துவர்களுக்கு அதற்கான பயிற்சி தொடர்கிறது. மலேரியாவுக்கான சோதனையும் சிகிச்சையும் அரச மருத்துவமனைகளில் இலவசம்.