தெருவுக்குக் கணப்பு

வீட்டுக்குள் கணப்பு மூட்டுவார்கள், கேட்டிருக்கிறேன். தெருவுக்குக் கணப்பு மூட்டுகிற அதிசயத்தை 2009 ஜனவரியில் பாரிஸ் நகரத்தில்தான் கண்டேன். சாப்பாட்டுக் கடை ஒன்றின் வாசலில், நடைபாதையை ஒட்டி, நாற்காலிகள் போட்டிருந்தன. நடுநடுவே ஆள் உயரத்துக்கு மேல் இரும்புத் தூண்கள். தலைக்கு ஓர் அலுமினியக் குடை. குடையின் கீழே சல்லடைக் கண்ணுள்ள உலோகக் கூண்டு செக்கச் செவேலென்று கனன்றது. வெயிலைப் போல அந்தச் சூடு எதிரே இருக்கிற உடம்பில்தான் உறைக்கும். எனக்கு முகம் வெந்தது, முதுகு விறைத்தது.

அதற்கு முந்தின வருஷம்தான் கடைக்குள் புகை பிடிக்கக் கூடாது என்ற சட்டம் அங்கே வந்திருந்தது. சிகரெட்டுகள் வாசலுக்கு வந்தன. அவற்றின் பின்னாலேயே கணப்புகளும் பெருகின.

தூணின் அடியில் வாயு உருளை ஒன்று ஒளிந்திருந்தது. அதை மாற்ற வந்த பையன் என் முகத்தைப் பார்த்ததும் தமிழில் பேசினான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. உருளையில் வாயு மட்டும் 13 கிலோ. இரும்பின் கனம் வேறு.

"வீட்டு அடுப்புக்கு வாங்குகிறார்களே, அதையே இதற்கும் வைக்கலாமே, தம்பி?" என்றேன்.

"ஏலாது ஐயா. அது பியூட்டேன். இந்தக் குளிருக்கு எழும்பாது. இது புரொப்பேன்."

ரசாயன சாஸ்திரத்தை அவன் கை விறைத்துக் கற்றிருந்தான். சைபர் டிகிரியைத் தொட்டாலே பியூட்டேன் திரவம் ஆவியாக மறுத்துப் படுத்துவிடும். புரொப்பேன் சைபருக்குக் கீழே 42 டிகிரி வரை தாக்குப் பிடிக்கும்.

இந்தச் சரக்கு அமெரிக்காவில் உருளைக்குள் புகுந்த கதையே ஒரு பிராதில் தொடங்குகிறது. 1910-இல் பிட்ஸ்பர்க் நகரில், சுரங்க இலாகா ரசாயன நிபுணர் வால்டர் ஸ்னெல்லிங்கிடம் ஒரு கார்க்காரர் வந்து முறையிட்டாராம்: வாங்குகிற பெட்ரோல் வீடு போய்ச் சேருவதற்குள் பாதியாகிவிடுகிறது! ஸ்னெல்லிங் கொஞ்சம் பெட்ரோலை ஜாடியில் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். வழியெல்லாம் தக்கை எகிறி எகிறி விழுந்தது. கடைக்காரன் பாவம், நிரபராதி. பெட்ரோலில் கலந்திருந்த லேசான வாயுக்கள்தாம் ஓடிப்போயின. பழைய வெந்நீர்க் கொதிகலத்தின் சுருள் குழாயையும் ஆய்வுக்கூடத்து உதிரிச் சாமான்களையும் வைத்து அவற்றை அவர் தனியே பிரித்தார். அழுத்தியதும் அவை திரவமாகி, இருநூறு பங்குக்கு மேல் சுருங்கி, இரும்புக்குள் அடங்கின. 1913-இல் பேட்டெண்டும் கிடைத்தது.

காசு கொடுத்தது காற்றோடு போகிறதே என்று ஒருவர் வயிறெரிந்ததில் பிறந்த சரக்கை, நூறு வருஷம் கழித்துக் காசு கொடுத்தே காற்றில் விட்டுக்கொண்டிருந்தோம். நானும் விட்டவன்தான், இரண்டாவது காப்பி வேறு சொன்னேன்.

பாரிஸ் நகரசபை 2011-இல் வாசல்களில் வாயுக் கணப்பைத் தடுத்தது. கடைக்காரர்கள் மின்சாரத்துக்குத் தாவினார்கள். 2022 ஏப்ரலிலிருந்து திறந்த வாசலில் எந்தக் கணப்பும் கூடாதென்று பிரான்ஸ் முழுவதற்கும் சட்டமாயிற்று. நியாயமான சட்டந்தான். ஆனாலும் அதைப் பத்திரிகையில் படித்தபோது அந்தப் பையன் ஞாபகமே வந்தது.

அன்று அவன் உருளையை மாட்டித் திருகி, நெருப்புப் பற்றிய பிறகும் போகாமல் நின்றான். முதலாளி உள்ளே பணம் எண்ணிக்கொண்டிருந்தார். பையன் இரண்டு கைகளையும் குடைக்கு நேரே தூக்கிப் பிடித்துக் காய்ச்சிக்கொண்டான். விரல் நுனிகள் வெடித்திருந்தன.

"இனிப் போய் ஐஸுக்குள்ளே சிப்பி கழுவ வேணும், ஐயா" என்றான்.