பிடி அரிசிப் பானையும் பெயர் எழுதிய பெஞ்சும்



போன ஞாயிற்றுக்கிழமை நம் பழைய மாணவர்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எந்த வருடத்துப் பிள்ளைகள் என்று சொல்லமாட்டேன். சொன்னால் மற்ற வருடத்துக்காரர்கள் "எங்களை மட்டும் மறந்துட்டீங்களா சார்" என்று சண்டைக்கு வருவீர்கள். பத்தாவது முடித்து இருபத்தைந்து வருடம் ஆகிறதாம். சின்னசேலத்தில் மண்டபம் பிடித்து எல்லாரும் கூடுவதாகவும், அன்று மாலை டிக்கெட் போட்டு ஒரு இன்னிசைக் கச்சேரி வைப்பதாகவும், அந்தப் பணத்தில் பள்ளிக்கும் கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்கும் ஏதாவது செய்வதாகவும் திட்டம். "நீங்க என்ன சொல்றீங்க சார்?" என்று கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ஒரு வாரம் யோசித்ததை இங்கே எழுதுகிறேன். வரலாற்று வாத்தியாரிடம் யோசனை கேட்டால் வரலாறுதான் கிடைக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்தது 2019இல். அதற்கு முன் விழுப்புரம். 1993க்கு முன் நாமெல்லாம் தென்னார்க்காட்டுக்காரர்கள். அந்தத் தென்னார்க்காட்டின் வடலூரில் 1867 மே 23ஆம் நாள் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். ஒரு பெரிய மிராசுதார் தூக்கிக் கொடுத்த இடம் அல்ல அது. ஊர்க்காரர்கள் நாற்பது பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு எழுதிக்கொடுத்த எண்பது காணி நிலம். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை எரிகிறது. பின்னால் அங்கே ஞானசபைத் திருப்பணிக்குப் பணம் வேண்டியபோது கிருபானந்த வாரியார் பொறுப்பெடுத்து, ஊர் ஊராகச் சொற்பொழிவு செய்து நிதி சேர்த்தார். 1944இல் எம்.எஸ். சுப்புலட்சுமி கஸ்தூரிபா நினைவு நிதிக்காக ஐந்து கச்சேரிகள் பாடிக் கொடுத்தார். ஆகவே பாட்டுக் கச்சேரி வைத்துத் தருமத்துக்குப் பணம் சேர்ப்பது தப்பில்லை. அதற்குப் பெரிய மனிதர்களின் வழக்கமே சாட்சி. என் தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. அதற்கு என் சின்ன வயதுக்குப் போகவேண்டும்.

ஏழைப் பிள்ளைக்குப் பள்ளியில் சோறு போடும் எண்ணம் தமிழ்நாட்டில் பழையது. 1920இலேயே சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மேற்படாமல் செலவு செய்து உணவு கொடுத்தது. சில வருடங்களில் அது நின்றுபோனது. 1956இல் காமராசர் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்தபோது அது அரசுச் செலவில் நடக்கும் திட்டமாக இல்லை. ஊர் மக்கள் கொடுப்பதை வைத்தே ஆரம்பித்தார்கள். பிள்ளைகளின் சோற்றுக்காக ஊர் ஊராகப் பிச்சையெடுக்கவும் தயார் என்ற பொருளில் அவர் பேசியதைப் பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். 1957 நவம்பரிலிருந்துதான் அரசு மானியம் வந்தது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்து பைசா கணக்கு. ஆறு பைசா அரசு தரும், நாலு பைசா ஊர் தரவேண்டும்.

இந்த நாலு பைசாவைச் சின்னதாக நினைக்காதீர்கள். அறுபது பிள்ளைகள் சாப்பிடும் பள்ளி என்றால் ஒரு நாளைக்கு 2 ரூபாய் 40 காசு. வருடத்துக்கு 200 நாள் போட்டால் 480 ரூபாய். மரவள்ளியும் கம்பும் சோளமும் போட்டு, மழையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நம் பக்கத்துக் கிராமம் ஒன்று வருடா வருடம் 480 ரூபாய்க்கு எங்கே போகும்? பணமாகக் கேட்டால் வராது என்று தெரிந்துதான் தானியமாகக் கேட்டார்கள்.

1961இல் நான் ஒன்றாம் வகுப்பு. எங்கள் வீட்டு அடுப்போரம் ஒரு சின்ன மண்பானை இருந்தது. அம்மா உலை வைக்கும் முன் களைந்து போடுகிற அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அதில் போடுவார். அரிசி இல்லாத நாளில் கம்பு. வெள்ளிக்கிழமை பெரிய வகுப்புப் பையன்கள் கோணிப்பையோடு தெருத்தெருவாக வருவார்கள். சார் ஒரு நோட்டில் யார் வீட்டில் எவ்வளவு என்று எழுதிக்கொள்வார். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் அதைப் படிப்பார். எங்கள் வீட்டுப் பெயர் பெரும்பாலும் கடைசியில்தான் வரும்.

ஒரு தை மாதம், அறுப்பு முடிந்த கையோடு ஊர்ப் பெரிய விவசாயி ஒருவர் இரண்டு மூட்டை நெல் அனுப்பினார். அவர் மகன் என் வகுப்பு. அன்று பந்தியில் உட்கார்ந்ததும் அவன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இன்னிக்கு எங்க வூட்டு அரிசி, நல்லா துன்னுங்கடா" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பெருமையில் சொன்னான். எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் புளியமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பசி. ஆனாலும் சாப்பிட முடியவில்லை. அதுவரை அந்தச் சோறு யாருடையது என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

தலைமையாசிரியர் பார்த்துவிட்டார். அவனை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மறுநாளிலிருந்து அவனைப் பரிமாறச் சொன்னார். பரிமாறுகிறவன் கடைசியில்தான் சாப்பிடவேண்டும் என்பது விதி. வருகிற தானியம் எல்லாம் ஒரே தகர டின்னில் கொட்டப்பட்டது. நோட்டு எழுதுவது நிற்கவில்லை, கணக்கு கணக்குதான். காலைக் கூட்டத்தில் படிப்பது மட்டும் நின்றது. (அந்தப் பையன் இன்று எனக்குச் சம்பந்தி. இந்தப் பதிவையும் படிப்பார். படித்துவிட்டு இன்று இரவு போன் வரும்.)

ஒன்றையும் மறைக்கக் கூடாது. சமைப்பவர் யார், பக்கத்தில் உட்காருகிறவன் யார் என்று பார்த்து, சாப்பாட்டு மணி அடித்ததும் பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்ட வீடுகளும் எங்கள் ஊரில் இருந்தன. பானையில் அரிசி போட்டார்கள், பந்தியில் பிள்ளையை உட்காரவைக்கவில்லை. அதை எழுதாவிட்டால் இது வரலாறு ஆகாது, வாழ்த்துப்பா ஆகிவிடும்.

இன்னொரு குறையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுக் குதிர் காலியாகும்போது பள்ளி டின்னும் காலியாகும். தை மாதத்தில் எல்லாரும் கொடுப்பார்கள், பிள்ளைக்குப் பசி அதிகமாக இருக்கும் மாதத்தில் யாரிடமும் இருக்காது. சில நாள் அடுப்பு மூட்டவே மாட்டார்கள். அன்று பாதி வகுப்பு வராது. 1961இலிருந்து அமெரிக்காவின் கேர் நிறுவனம் பால் பவுடரும் மாவும் எண்ணெயும் தந்ததால் இந்த ஓட்டை ஓரளவு அடைபட்டது. அந்த மஞ்சள் மாவின் வாசனை என் வயதுக்காரர்களுக்கு இன்னும் மூக்கில் இருக்கும். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கிய பிறகு தினப்படிச் சோற்றுக்கு ஊர்ப் பானையை நம்பியிருக்கும் நிலை போனது. 2023இல் காலை உணவும் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. தினமும் தவறாமல் நடக்கவேண்டிய காரியத்தை வசூலை நம்பி விடக்கூடாது என்பதை நம் அரசுகள் கற்றுக்கொண்டது அந்தக் கார்த்திகை மாதங்களில்தான் என்பது என் எண்ணம்.

சோறு போக மற்றவற்றுக்கு இன்னொரு வழி இருந்தது. அப்போது கல்வித்துறை இயக்குநராக இருந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. 1958இல் செங்கற்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. பிறகு அது மாநிலம் முழுவதும் பரவியது. அதன் முறை எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் ஒவ்வொரு பள்ளியும் தனக்கு இல்லாததைப் பட்டியல் போடும். ஓடு மாற்றவேண்டும், கரும்பலகை வேண்டும், கடிகாரம், தண்ணீர்ப் பானை, தேசப்படம், மாற்று உடை இல்லாத பிள்ளைகளுக்குச் சீருடை. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஊரில் கேட்பார்கள். பணம் உள்ளவர் பணம், மரம் உள்ளவர் மரம், ஒன்றும் இல்லாதவர் உழைப்பு. எங்கள் பள்ளிக்கு ஆசாரி ஒருவர் மூன்று நாள் கூலி வாங்காமல் பெஞ்சு அடித்துக் கொடுத்தார். மரம் கொடுத்தவர் பெயரை 'உபயம்' என்று போட்டு அதில் எழுதினார்கள். ஆசாரியின் பெயர் எழுதவில்லை. நான் ஐந்து வருடம் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்தேன். எழுத்து பாதி தேய்ந்து 'உப' மட்டும் நின்றது. கால் ஆட்டம் கண்டபோது ரிப்பேர் பண்ண யாரும் உபயம் தரவில்லை. அதே ஆசாரிதான் ஒரு நாள் வந்து ஆப்பு அடித்துவிட்டுப் போனார்.

அரசு 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்று தொடங்கியதும் ஏறக்குறைய இதே வழிதான். பணம் வங்கி வழியாகப் போகிறது, பானை வழியாக அல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது கச்சேரிக்கு வருகிறேன். 1986 என்று நினைவு. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் கட்டட நிதிக்காக நாடகம் போட்டோம். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் டிக்கெட். மூன்று வாரம் பாடம் நடக்கவில்லை, எல்லா வாத்தியாரும் கடைத்தெருவில் டிக்கெட் புத்தகத்தோடு அலைந்தோம். கடைக்காரர்கள் முகத்துக்காக வாங்கினார்கள். நாடகத்தன்று கூட்டத்துக்குக் குறைவில்லை. பந்தல், மைக்செட், ஜெனரேட்டர், நடிகர்களுக்குச் சாப்பாடு, வந்த பெரிய மனிதர்களுக்கு மாலை, சால்வை எல்லாம் போக மிஞ்சியது 312 ரூபாய். கணக்கு எழுதியவன் நான், அதனால் தொகை மறக்கவில்லை. அந்தக் கணக்கைக் கூட்டத்தில் படிக்கவேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நானும் படிக்கவில்லை. நாற்பது வருடமாக உறுத்துகிறது.

அண்ணா 1968இல் சீரணி என்று தொண்டர்களைத் திரட்டியதும், அடுத்த வருடம் நாட்டு நலப்பணித் திட்டம் வந்ததும் உடம்பு உழைப்பை நம்பித்தான். தொண்ணூறுகளில் நானும் உங்களில் பலரைக் கல்வராயன் மலைக்கு முகாம் கூட்டிப் போயிருக்கிறேன். ஜாகீர்தார்கள் கையிலிருந்து அந்த மலை 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது என்று போகும் வழியில் பஸ்ஸில் பாடம் நடத்தினேன், பாதிப் பேர் தூங்கினீர்கள். நாம் வெட்டிய வாய்க்கால் அடுத்த மழையிலேயே தூர்ந்துவிட்டது. ஆனால் முகாமில் சாயங்காலம் ஒரு பையன் அங்கே உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தான் இல்லையா, அவன் முகாம் முடிந்த பிறகும் மாதம் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போய்வந்தான். இரண்டு வருடம். எனக்கே பின்னால்தான் தெரியும்.

ஆகவே தம்பிகளா, கச்சேரி வையுங்கள், சந்தோஷமாகப் பாடுங்கள். அந்தச் செலவு உங்கள் கைக்காசு. டிக்கெட் வேண்டாம். உதவிக்கு என்று தனியாக, முடிந்தவர் முடிந்ததை மாதா மாதம் போடுங்கள். துபாயில் இருக்கும் பிள்ளை போடுவதும், இங்கே லாரி ஓட்டும் பிள்ளை போடுவதும் ஒரே டின்னில் விழட்டும். யார் எவ்வளவு என்று வாட்ஸ்ஆப்பில் போடாதீர்கள். வரவு செலவை மட்டும் ஒவ்வொரு மாதமும் தவறாமல் போடுங்கள். பீரோ வாங்கலாமா, புரொஜெக்டர் வாங்கலாமா என்று மண்டபத்தில் முடிவு செய்யவேண்டாம். முதலில் நம் பள்ளிக்கும் மேலே மலைப் பள்ளிக்கும் போய் அவர்கள் பட்டியலை வாங்கி வாருங்கள். பணம் கொடுக்க முடியாதவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை கொடுங்கள். கணக்கு, ஆங்கிலம், தையல், மின்சார வேலை, உங்களுக்கு எது தெரியுமோ அது.

கணக்கு நோட்டை நான் எழுதுகிறேன். நேற்றே கடைத்தெருவில் 200 பக்க நோட்டு ஒன்று வாங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் 1986இன் 312 ரூபாயை எழுதியிருக்கிறேன், என் கையிலிருந்து. வருகிற சனிக்கிழமை வெள்ளிமலை பஸ்ஸில் எனக்கும் ஒரு சீட்டு போடுங்கள். ஜன்னல் ஓரம்.

உங்கள் அன்பு சார்