அதிகாரமும் அவகாசமும்: இங்கிலாந்துக் கால்பந்தில் மேலாளரின் காலம், 1925 – 2025

1902 முதல் 1989 வரையிலான 87 ஆண்டுகளில் வெஸ்ட் ஹாம் யுனைடெட் கழகத்துக்கு மேலாளராக இருந்தவர்கள் ஐந்தே பேர். 2017இல் கிரிஸ்டல் பேலஸ் கழகம் பிராங்க் டி போரை நான்கே லீக் ஆட்டங்களில் அனுப்பிவிட்டது. இந்த மாற்றத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பொறுமையைப் பற்றியே பேசுகிறார்கள். அந்தக் காலத்து நிர்வாகிகளுக்குப் பொறுமை இருந்தது, இந்தக் காலத்தவர்களுக்கு இல்லை என்று முடித்துவிடுகிறார்கள். இந்த விளக்கம் போதாது. நூறாண்டுச் சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒரு மேலாளருக்கு எவ்வளவு காலம் தேவை என்பதை அவரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலையும் அதற்கென அவருக்குத் தரப்பட்ட அதிகாரமும்தான் தீர்மானித்திருக்கின்றன. மேலாளரின் அதிகாரம் விரிந்தபோது அவகாசமும் நீண்டது; அதிகாரம் சுருங்கியபோது அவகாசமும் சுருங்கியது. இதில் குறை சொல்ல அதிகம் இல்லை. இன்றைய சிக்கல், பழைய அளவு வேலையைக் கொடுத்துவிட்டுப் புதிய அளவு காலத்தைக் கொடுப்பதில் இருக்கிறது.

1888இல் 12 கழகங்களோடு கால்பந்து லீக் தொடங்கியபோது அணியைத் தேர்ந்தெடுத்தவர்கள் இயக்குநர்கள். கணக்கு வழக்கு, பயண ஏற்பாடு, கடிதப் போக்குவரத்து ஆகியவற்றைக் கவனித்த செயலாளரே பல இடங்களில் மேலாளராகவும் அழைக்கப்பட்டார். அணி தோற்றால் அவரைக் குறை சொல்லக் காரணம் இல்லை. அணி அவருடையதும் இல்லை. இந்த ஏற்பாட்டை உடைத்தவர்களில் முதன்மையானவர் ஹெர்பர்ட் சாப்மன். ஹடர்ஸ்பீல்ட் டவுனுக்கு அடுத்தடுத்து இரண்டு லீக் பட்டங்களை வென்று கொடுத்துவிட்டு 1925இல் அவர் ஆர்சனலுக்கு வந்தார். வெற்றி பெறும் அணியை உருவாக்க ஐந்தாண்டுகள் வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். முதல் சீசனில் அணி இரண்டாம் இடம் பிடித்தது. அதற்கடுத்த நான்கு சீசன்களில் 11, 10, 9, 14 என்ற இடங்களில் நின்றது. இன்றைய கண்ணால் பார்த்தால் இது தெளிவான சரிவு. ஆனால் அந்த ஆண்டுகளில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். 1925இல் ஆப்சைடு விதி மாறியதால் தற்காப்பையே புதிதாக வகுக்க வேண்டியிருந்தது. நடுக்கள வீரர் ஒருவரைப் பின்னுக்கு இழுத்து மூன்று பேர் தற்காக்கும் முறையைச் சாப்மன் படிப்படியாகச் செதுக்கினார். 1927இல் எடி ஹாப்குட், 1928இல் டேவிட் ஜாக், 1929இல் அலெக்ஸ் ஜேம்ஸ், கிளிப் பாஸ்டின் என்று அந்த முறைக்குப் பொருந்தும் ஆட்களை ஒவ்வொருவராகச் சேர்த்தார். 1930இல் எப்.ஏ. கோப்பை வந்தது. இறுதியில் தோற்ற அணி அவருடைய பழைய ஹடர்ஸ்பீல்ட். அடுத்த சீசனில் 66 புள்ளிகள் என்ற அன்றைய சாதனையோடு லீக் பட்டமும் வந்தது. 14ஆம் இடத்தில் நின்ற அணியும் கோப்பை வென்ற அணியும் ஒரே சீசனின் ஒரே அணி என்பது, லீக் அட்டவணையை மட்டும் பார்த்து மேலாளரை அளப்பதற்கு எதிரான வலுவான சான்று.

சாப்மன் வகுத்த வழியில் போருக்குப் பிந்தைய தலைமுறை நடந்தது. 1945இல் மேட் பஸ்பி மான்செஸ்டர் யுனைடெடில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தைக் கேட்டே வாங்கினார். 1961இல் லீட்ஸ் யுனைடெடின் பொறுப்பை ஏற்ற டான் ரெவி, அடுத்த ஆண்டு இரண்டாம் பிரிவிலிருந்தே அணி இறங்கிவிடும் அபாயத்தில் நின்றார். 1969இல் அதே லீட்ஸ் இங்கிலாந்தின் சாம்பியன். இப்ஸ்விச்சில் பாபி ராப்சனின் முதல் இரு முழுச் சீசன்கள் 18ஆம் இடத்திலும் 19ஆம் இடத்திலும் முடிந்தன. பின்னால் 1978இல் எப்.ஏ. கோப்பையும் 1981இல் யூஈஎப்ஏ கோப்பையும் வந்தன. இவர்களைக் காப்பாற்றியது நிர்வாகிகளின் நற்குணம் மட்டும் இல்லை. வீரர் சம்பளத்துக்கு 1961 வரை உச்சவரம்பு இருந்தது. ஒப்பந்தம் முடிந்த வீரரும் கழகத்தின் பிடியிலேயே இருந்தார். கீழ்ப் பிரிவுக்கு இறங்கினால் இழப்பு உண்டு, ஆனால் அது கழகத்தையே சாய்க்கும் இழப்பாக இருக்கவில்லை. காத்திருப்பதற்கான விலை குறைவாக இருந்த காலத்தில் காத்திருந்தார்கள்.

அதே காலத்தில் பிரையன் கிளப்பின் வாழ்க்கை நமக்கு ஓர் இயற்கையான சோதனையைத் தருகிறது. ஆளும் அவரே, அறிவும் அதுவே. இரண்டு கழகங்கள், இரண்டு முடிவுகள். 1974இல் ரெவி விட்டுச்சென்ற, வயதேறிய, பட்டங்கள் குவித்த லீட்ஸ் அணியை அவர் ஏற்றார். ஆறு லீக் ஆட்டங்களில் ஒரே வெற்றி. 44 நாளில் வெளியேற்றம். அந்த அணியை அடியோடு மாற்றுவதே கிளப்பின் நோக்கம். ஆனால் மாற்றத்தை விரும்பாத வீரர்களின் சொல்லுக்கே நிர்வாகம் செவி சாய்த்தது. 1975 ஜனவரியில் அவர் நாட்டிங்காம் பாரஸ்டுக்குப் போனார். அந்தச் சீசன் இரண்டாம் பிரிவில் 16ஆம் இடத்தில் முடிந்தது, அடுத்தது எட்டாம் இடத்தில். 1977இல் மூன்றாம் இடம் பிடித்து முதல் பிரிவுக்கு ஏறிய அணி 1978இல் லீக் பட்டத்தையும், 1979, 1980 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையையும் வென்றது. ஆட்களைச் சேர்க்கவும் நீக்கவும் அங்கே அவருக்குத் தடையற்ற அதிகாரம் இருந்தது. லீட்ஸில் குறைந்தது நாட்கள் மட்டும் இல்லை, அந்த அதிகாரமும்தான்.

இந்த விவாதத்தில் தவறாமல் வரும் பெயர் அலெக்ஸ் பெர்குசன். 1986 நவம்பரில் அவர் மான்செஸ்டர் யுனைடெடுக்கு வந்தபோது 22 அணிகளில் அது 21ஆம் இடத்தில் கிடந்தது. அந்தச் சீசன் 11ஆம் இடத்தில் முடிந்தது. பிறகு 2, 11, 13. 1989 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டியிடம் 5–1 என்று தோற்றார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அவரைப் போகச் சொல்லி அரங்கிலேயே பதாகை எழுந்தது. 1990 ஜனவரியில் நாட்டிங்காம் பாரஸ்டுக்கு எதிராக மார்க் ராபின்ஸ் அடித்த ஒற்றைக் கோல்தான் அவர் வேலையைக் காப்பாற்றியது என்பது செவிவழியாக வளர்ந்த கதை. அன்றைய தலைவர் மார்ட்டின் எட்வர்ட்ஸ், தோற்றிருந்தாலும் பெர்குசனை நீக்கும் எண்ணம் இருக்கவில்லை என்றே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இந்த மறுப்பை நம்புவதற்குக் காரணம் உண்டு. லீக் அட்டவணைக்கு வெளியே பெர்குசன் செய்துகொண்டிருந்த வேலை நிர்வாகத்துக்குத் தெரிந்தே இருந்தது. இளம் வீரர்களைத் தேடும் ஆட்களைப் பெருக்கினார். சிட்டியின் பார்வையில் இருந்த ரையன் கிக்ஸை 14 வயதில் தன் பக்கம் கொண்டுவந்தார். குடிப்பழக்கத்தால் ஒழுங்கு குலைந்திருந்த அணியிலிருந்து பால் மெக்ராத், நார்மன் வைட்சைடு போன்ற செல்வாக்குள்ளவர்களை 1989இல் விற்றார். கேரி பாலிஸ்டரும் பால் இன்ஸும் அதே ஆண்டு வந்தார்கள். 1990இல் எப்.ஏ. கோப்பை, 1992இல் இளையோர் கோப்பை, 1993இல் லீக் பட்டம், 2013இல் ஓய்வு பெறும்போது 13 லீக் பட்டங்கள். மூன்றரை ஆண்டுகள் கோப்பையில்லாமல் கிடைத்த அவகாசம், ஒரு கழகத்தையே திருத்தி அமைக்கச் சொல்லி ஒப்படைத்த வேலைக்கு ஈடாகக் கிடைத்தது.

மேலாளர்களின் காலம் சுருங்கிய காரணங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். 1983இல் லீக் ஆட்டங்களின் நுழைவுக் கட்டண வருவாயை இரு அணிகளும் பகிரும் வழக்கம் முடிந்தது. அதே ஆண்டு டாட்டன்ஹாம் பங்குச்சந்தைக்குப் போனது. 1992இல் பிரீமியர் லீக் பிறந்து தொலைக்காட்சிப் பணம் மேல் பிரிவில் குவிந்தது. 1995ஆம் ஆண்டின் போஸ்மன் தீர்ப்பு ஒப்பந்தம் முடிந்த வீரர்களைக் கழகங்களின் பிடியிலிருந்து விடுவித்தது. 2002–03 முதல் வீரர்களை வாங்கவும் விற்கவும் கோடையிலும் ஜனவரியிலும் மட்டுமே டிரான்ஸ்பர் காலம் என்றானது. இவற்றின் கூட்டு விளைவு இரண்டு. கீழ்ப் பிரிவுக்கு இறங்குவதன் விலை பெருகியது. செப்டம்பரில் தடுமாறும் மேலாளருக்கு ஜனவரிவரை புதிய ஆள் கிடைக்காது என்ற நிலையும் வந்தது. அணியை மாற்ற முடியாத மாதங்களில் மாற்றக்கூடிய ஒரே ஆள் மேலாளர்தான். கூடவே, வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை விளையாட்டு இயக்குநர்களிடம் போனது. பல கழகங்களில் மேலாளர் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்.

இப்படி மேலாளரை மாற்றுவதால் பயன் உண்டா? ஆஸ்கர் கிரஸ்கி அமெரிக்கப் பேஸ்பால் அணிகளை ஆராய்ந்து, அடிக்கடி மேலாளரை மாற்றும் அணிகளே பின்தங்குகின்றன என்று 1963இல் எழுதினார். மாற்றத்தால் சரிவா, சரிவால் மாற்றமா என்ற கேள்வி உடனே எழுந்தது. அடுத்த ஆண்டு கேம்சனும் ஸ்காட்சும், மேலாளரை நீக்குவது பழியை ஒருவர்மேல் சுமத்தும் சடங்கு மட்டுமே, ஆட்டத்தின் தரத்தை அது பெரிதாக மாற்றுவதில்லை என்று வாதிட்டார்கள். இதைவிடத் துல்லியமான சான்று நெதர்லாந்திலிருந்து வருகிறது. பாஸ் டெர் வீல் 1986 முதல் 2004 வரையிலான டச்சு லீக் தரவுகளை எடுத்து, சரிவுக்குப் பின் மேலாளரை நீக்கிய அணிகளை, அதே அளவு சரிந்தும் நீக்காத அணிகளோடு ஒப்பிட்டார். நீக்கிய அணிகள் மீண்டன. நீக்காதவையும் அவ்வாறே மீண்டன. தொடர்ந்து நான்கைந்து ஆட்டம் தோற்பதில் தற்செயலின் பங்கு பெரிது. தற்செயல் விலகும்போது அணி தன் இயல்பான நிலைக்குத் திரும்புகிறது. புதிதாக வந்தவர் அந்தத் திரும்பலுக்கான புகழைப் பெறுகிறார். இயல்பான நிலையே தாழ்வாக இருந்தால் புதியவராலும் ஆவதில்லை. 2007 நவம்பரில் பில்லி டேவிஸை விலக்கிய டெர்பி, பால் ஜூவலின் கீழ் அந்தச் சீசனில் ஒரு லீக் ஆட்டம்கூட வெல்லாமல் 11 புள்ளிகளோடு இறங்கியது. 2024 டிசம்பரில் ரசல் மார்ட்டினை நீக்கிய சவுதாம்டன் 12 புள்ளிகளோடு இறங்கியது.

எதிர்வாதங்களில் வலுவானது செல்சி. ரோமன் அப்ரமோவிச் கழகத்தை வைத்திருந்த 2003 முதல் 2022 வரை மேலாளர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். லீக் பட்டங்கள் ஐந்து, சாம்பியன்ஸ் லீக் இரண்டு. 2012 மார்ச்சில் வில்லாஸ்-போவாஸ் போனார், மே மாதத்தில் டி மத்தேயோ ஐரோப்பாவை வென்றார். 2021 ஜனவரியில் லாம்பர்ட் போனார், மே மாதத்தில் டுகெல் வென்றார். இதை மறுக்க முடியாது, மறுக்கவும் தேவையில்லை. அங்கே வீரர்களைச் சேர்த்தது கழகம். அணி ஏற்கெனவே உயர்தரமாக இருந்தது. இயக்குவது மட்டுமே வந்தவரின் வேலை. அந்த வேலை செய்ய வருகிறதா இல்லையா என்பது அரைச் சீசனில் தெரிந்துவிடும். அதே செல்சி 2022இல் உரிமையாளர் மாறியபின் கிரகாம் பாட்டரை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில், புதிய அணியை வளர்க்கும் பொறுப்போடு கொண்டுவந்தது; ஜனவரியில் புதியவர்களைக் கொட்டி நிரப்பியது; ஏழு மாதத்தில் அவரை நீக்கியது. சீசன் 12ஆம் இடத்தில் முடிந்தது. முந்தைய முறைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. பாட்டருக்கு நடந்ததில் வேலைக்கும் காலத்துக்கும் தொடர்பே இல்லை.

இன்னோர் எதிர்வாதம், நாம் வென்றவர்களையே நினைவில் வைக்கிறோம் என்பது. சாப்மனும் பெர்குசனும் நினைவில் நிற்கிறார்கள்; நீண்ட அவகாசம் பெற்றும் ஒன்றும் செய்யாதவர்கள் மறக்கப்படுகிறார்கள். இது நியாயமான எச்சரிக்கை. 2023 ஏப்ரல்வரை பிரெண்டன் ராட்ஜர்ஸை வைத்திருந்த லெஸ்டர் அந்த ஆண்டே கீழே இறங்கியது. மாறாக, சீசன் முடிவதற்குச் சற்று முன் மார்ட்டின் ஓநீலை நீக்கிய சண்டர்லாந்து 2013இல் தப்பியது. எனவே காத்திருப்பது எப்போதும் சரி என்று யாரும் சொல்ல முடியாது. எதைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது என்பதே கேள்வி. 2018 அக்டோபரில் பிரென்ட்போர்டின் பொறுப்பேற்ற தாமஸ் பிராங்க் முதல் பத்து ஆட்டங்களில் எட்டில் தோற்றார். கழகம் தோல்விகளை எண்ணவில்லை. உருவாக்கிய வாய்ப்புகளின் தரத்தையும் விட்டுக்கொடுத்த வாய்ப்புகளின் தரத்தையும் அளந்து, ஆட்டம் சரியாகவே இருக்கிறது என்று முடிவு செய்தது. 2021இல் பிரென்ட்போர்டு பிரீமியர் லீக்கில் இருந்தது. ஆர்சனலில் மிக்கெல் ஆர்டெட்டா இரண்டு சீசன்களை எட்டாம் இடத்தில் முடித்து, மூன்றாவதன் முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்று அட்டவணையின் அடியில் நின்றார். அதற்குள் ஓசிலை அனுப்பியிருந்தார். ஓடகார்டையும் பென் ஒயிட்டையும் கொண்டுவந்திருந்தார். அந்தச் சீசன் ஐந்தாம் இடம். அடுத்த மூன்றும் இரண்டாம் இடம்.

இவற்றை வைத்துப் பார்த்தால் ஒரு கணக்கு சொல்ல முடியும். அணியைத் திருத்தி அமைக்க அழைக்கப்பட்ட மேலாளருக்கு மூன்று டிரான்ஸ்பர் காலங்களும், அவற்றுக்குப் பின் அரைச் சீசனும் வேண்டும். அதற்கு முன் அவர் அணியை அவருடைய அணி என்று சொல்லவே முடியாது. ஆயத்தமான அணியை இயக்க மட்டும் அழைக்கப்பட்டவருக்கு அரைச் சீசன் போதும். கீழிறங்கும் அபாயத்தோடு ஆட்டத்தின் தரமும் சேர்ந்து சரிந்தால் இந்தக் காலம் குறையலாம். தோல்விகள் மட்டும் அதற்குக் காரணம் ஆகக்கூடாது. இந்த அளவுகோலால் 2014இல் மான்செஸ்டர் யுனைடெடில் டேவிட் மோய்ஸுக்கு நடந்தது பிழை. ஆறாண்டு ஒப்பந்தம் கொடுத்து, பெர்குசனின் வயதேறிய அணியைப் புதுப்பிக்கச் சொல்லி, ஒரு கோடையும் ஒரு ஜனவரியும் தந்து, 34 லீக் ஆட்டங்களில் முடித்துவிட்டார்கள். டி போருக்கு நடந்தது அதைவிடப் பெரிய பிழை. ஆட்ட முறையையே மாற்ற அழைக்கப்பட்டவர் அவர். கழக நிர்வாகங்கள் மேலாளரை நியமிக்கும் நாளிலேயே மூன்றை எழுதி வெளியிட வேண்டும்: அவரிடம் கொடுக்கும் வேலை எது, வீரர்களைச் சேர்ப்பதில் இறுதிச் சொல் யாருடையது, முதல் மதிப்பீடு எந்தத் தேதியில். அந்தத் தேதிக்கு முன் அவரை நீக்கும் நிர்வாகம் ரசிகர்களுக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.